வலது எஞ்சின் 4200-க்கு மேல் ஏறவில்லை, காம்ஷாஃப்ட் மாற்றலாமா?

14 மே 2023, காலை. வாசகர் கேள்வி

என்னிடம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்த படகு இருக்கிறது. 28 அடி, இரட்டை மெர்குரூசர் 454 (7.4 லீற்றர்), ஒவ்வொன்றும் 330 குதிரைவலு, பிராவோ ஒன் டிரைவ் (எஞ்சினின் வலுவைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி), கியர் விகிதம் 1.50, புரொப்பெல்லர் பிச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 23 அங்குலம். இடது எஞ்சின் நிமிடத்துக்கு 4500 சுற்றுப் போகிறது. வலது 4200-இல் நின்றுவிடுகிறது. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 56 மைல். எனக்கு 70 வேண்டும். இரண்டுக்கும் பெரிய காம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), பெரிய கார்பரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலப்பது) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

14 மே 2023, இரவு

தம்பி, இப்போது போட வேண்டாம். ஒரே படகில் ஒரே வயதில் இரண்டு எஞ்சின்கள் இருந்து, ஒன்று போகிற இடத்துக்கு மற்றது போகவில்லை என்றால் வலது பக்கத்தில் ஏதோ பழுது இருக்கிறது. அதைத் திருத்தாமல் காம்ஷாஃப்ட் போட்டால் பழுது அப்படியே இருக்கும், உங்கள் காசுதான் போகும்.

70-க்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் படகில் வேகம் குதிரைவலுவின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். வலுவை இரு மடங்காக்கினால் வேகம் 1.4 மடங்கு, அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் படகு 60 போகும் என்று வைத்துக்கொள்வோம். 660 குதிரைவலுவில் 60 என்றால், 70-க்கு ஏறத்தாழ 900 வேண்டும். ஒரு பக்கத்துக்கு 450. காம்ஷாஃப்ட் ஒன்றால் மட்டும் வருகிற தொகை இல்லை அது.

முதலில் சுற்றுமானியைச் சந்தேகியுங்கள். பின்புறத்தில் 4, 6, 8 சிலிண்டர் என்று தெரிவு செய்யும் சிறிய திருகு இருக்கும். முப்பது வருடத்தில் அதன் தொடுமுனை கறுத்துப்போகும். ஒரு சிறிய திருப்புளியால் பத்துத் தடவை அப்படியும் இப்படியும் திருப்பி மறுபடி 8-இல் வையுங்கள். எஞ்சினில் கை வைப்பதற்கு முன் மானி உண்மை சொல்கிறதா என்று தெரிய வேண்டும்.

16 மே 2023

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஒற்றை எஞ்சின் வைத்திருப்பவர் "இந்த எண் நல்லதா கெட்டதா" என்று தெரிய கையேட்டைத் தேட வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல எஞ்சின் இருக்கிறது. எதைச் சந்தேகப்பட்டாலும் புதிதாக வாங்காதீர்கள். இடதிலிருந்து கழற்றி வலதில் போடுங்கள், வலதினுடையதை இடதில் போடுங்கள். பழுது பொருளோடு போகிறதா, எஞ்சினோடு நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

21 மே 2023

தம்பியின் படகு ரொறன்ரோவில், ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க்கில்தான் நிற்கிறது. எனக்கு இருபது நிமிடம். இன்று போனேன்.

ஒளி வைத்து எண்ணும் சுற்றுமானியால் அளந்தோம். வலது உண்மையில் 4350, இடது 4550. ஆக, இடைவெளி 300 இல்லை, 200. மிச்சம் மானி சொன்ன பொய்.

அழுத்தச் சோதனை: எஞ்சின் சூடாக, எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றி, கார்பரேற்றர் முழுதாகத் திறந்து. இடது 145 முதல் 155 பிஎஸ்ஐ வரை. வலது 148 முதல் 155. வலதுதான் கொஞ்சம் மேல்! பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கு மேலே அடைப்பாக இருக்கும் தகடு) போய்விட்டது என்று நினைத்திருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை.

பதினாறு பிளக்கையும் வரிசை குலையாமல் வைக்க இரண்டு முட்டைப் பெட்டிகள், ஒவ்வொரு குழியிலும் எண். (முட்டையெல்லாம் எங்கே என்று தம்பியின் அம்மா தொலைபேசியில் கேட்டார்.) இடது பிளக்குகள் வெளிர் பழுப்பு. வலது எட்டும் சுண்ணாம்பு வெள்ளை. எட்டுமே வெள்ளை என்றால் ஒரு சிலிண்டரின் பிரச்சினை இல்லை. முழு எஞ்சினுக்கும் பெற்றோல் குறைகிறது. உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: பீங்கானில் மிளகுத்தூள் போல அலுமினியப் புள்ளிகள் (பிஸ்ரன் உருகத் தொடங்கினால் வருபவை) இருக்கின்றனவா என்று. இல்லை. நேரத்தோடு பார்த்திருக்கிறோம்.

டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) பார்த்து 8 பாகையில் வைத்தேன்.

22 மே 2023

திருத்தம். நேற்று டைமிங் பார்த்தது பிழை. இந்த எஞ்சினில் பொறியை நடத்துவது தண்டர்போல்ட் ஐந்து என்ற மின்னணுக் கருவி. அது ஐட்லில் (எஞ்சின் சும்மா ஓடும்போது) சுற்றைச் சீராக வைக்கத் தானே டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும். ஊதா-வெள்ளை வயரை எர்த் செய்து பூட்டிய பிறகுதான் அடிப்படை டைமிங் பார்க்க வேண்டும். நான் பூட்டவில்லை. கீழே கருத்து எழுதிய நண்பர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொன்னது முழுக்கச் சரி. இன்று பின்னேரம் திரும்பப் போய் வயரைப் பூட்டிப் பார்த்தேன். 3 பாகை பின்தங்கியிருந்தது. சரிசெய்தாயிற்று. பார்த்து முடித்ததும் அந்த வயரைக் கழற்ற மறக்கக்கூடாது. கழற்றாவிட்டால் எஞ்சின் அடிப்படை டைமிங்கிலேயே ஓடும், வலு இருக்காது.

28 மே 2023

பிடித்துவிட்டோம்.

படகில் இரண்டு தாங்கிகள், எஞ்சினுக்கு ஒன்று. கரையில் கட்டியபடி, புளோவரை (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) ஓடவிட்டு, தீயணைப்பான் பக்கத்தில் வைத்து, குழாய்களைக் குறுக்காக மாற்றினோம். இடது தாங்கியிலிருந்து வலது எஞ்சினுக்கு, வலதிலிருந்து இடதுக்கு. இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் இல்லை என்று உறுதி செய்தபின் ஏரிக்குள் போனோம்.

வலது 4550. இடது 4350!

தம்பி ஒன்றும் பேசவில்லை, இரண்டு மானியையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கும் கை நடுங்கியது. இரண்டு கோடையாகக் காம்ஷாஃப்ட், காயில், கார்பரேற்றர் என்று அவன் சந்தேகப்பட்ட எதுவும் இல்லை. பழுது எஞ்சினிலேயே இல்லை. வலது தாங்கியில்.

தாங்கியின் வாயில் பெற்றோல் வெளியேறும் இடத்தில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், சுண்டுவிரல் நீளம். உள்ளே ஒரு சிறிய குண்டு, அதன் பின்னால் ஸ்பிரிங். பம்ப் உறிஞ்சும்போது குண்டு விலகும், நின்றால் மூடும். சைஃபன் தடுப்பு வால்வு. கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, குண்டின் ஒரு பக்கத்தில் கறுப்பு ரப்பர் நார் ஒன்று. தீக்குச்சியால் தள்ளினால் பாதித் தூரம்தான் போனது.

ஐட்லில் இது ஏன் தெரியவில்லை? மெதுவாகப் போகும்போது மணிக்குப் பத்து லீற்றர் போதும். முழு வேகத்தில் ஓர் எஞ்சினே மணிக்கு ஏறத்தாழ 110 லீற்றர் கேட்கும். பாதி திறந்த வாசல் பத்துக்குப் போதும், 110-க்குப் போதாது.

29 மே 2023

"எல்லாரும் குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்து எறிந்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். தாங்கியின் மட்டத்துக்குக் கீழே குழாய் எங்காவது வெடித்தால், எஞ்சின் நின்ற பிறகும் பெற்றோல் தானாக இறங்கி பில்ஜை (படகின் அடிக்குழி) நிரப்பும். அதைத் தடுப்பது அந்தக் குண்டு ஒன்றுதான். எஞ்சினின் குழாய் அளவுக்குப் பொருந்தும் புதிய வால்வு மலிவு. வாங்கிப் போடுங்கள்.

அந்த ரப்பர் நார் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. தாங்கிக்குள் பெற்றோலை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

11 யூன் 2023

நேற்றிலிருந்து மூன்று பேர் "கொஞ்சம் சுற்றுக் குறைந்தால் என்ன, அப்படியே ஓடலாமே" என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே என் கதையை எழுதுகிறேன்.

2016. எனக்கும் இரட்டை 454. ஒரு பட்டறையில் காம்ஷாஃப்ட்டும் பெரிய கார்பரேற்றரும் போட்டுத் தந்தார்கள். பெற்றோல் குழாயை யாரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் இரண்டு கிழமை படகு பறந்தது. மூன்றாவது கிழமை முழு வேகத்தில் இலேசாக இழுவை குறைந்தது. பிளக்கைப் பார்த்தேன். மேலே சொன்ன மிளகுத்தூள் புள்ளிகள். அப்போது எனக்கு அதன் பொருள் தெரியாது. புதிய பிளக் போட்டு மறுபடி ஓடினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் வால்வ் கவர் மூச்சுக் குழாயால் புகை. ஏழாம் சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவுச் சோதனை செய்தேன். காற்று கார்பரேற்றரில் சீறினால் உள்வால்வு, ரைசரில் (எரிந்த புகை வெளியேறும் குழாய்) சீறினால் வெளிவால்வு. எனக்கு எண்ணெய் ஊற்றும் மூடியில் சீறியது. கையை வைத்தால் உள்ளங்கையைத் தள்ளியது. பிஸ்ரனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோய்விட்டது.

பிரித்த பிறகு பெற்றோல் குழாயை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் உரிந்து நாக்குப் போலத் தொங்கியது. உறிஞ்சும் வேகம் கூடும்போது அந்த நாக்கு எழும்பிப் பாதையை அடைத்திருக்கிறது. எத்தனால் கலந்த பெற்றோல் பழைய குழாயை இப்படி உரிக்கும். பெற்றோல் குறைந்தால் கலவை மெலிகிறது, எரிப்பறை சூடாகிறது, மிச்சக் கலவை தானாக வெடிக்கிறது, சுத்தியலால் அடிப்பது போல. பெரிய காம்ஷாஃப்ட்டும் பெரிய கார்பரேற்றரும் அந்தக் குழாயிடம் இன்னும் அதிகமாகக் கேட்டன. அதனால் முடிவு சீக்கிரம் வந்தது. அந்த எஞ்சினுக்காக இன்றும் மனம் வருந்துகிறது, அது கெட்ட எஞ்சின் இல்லை.

பழைய எஞ்சினில் "மேம்பாடு" என்று வாங்குவதில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்து இடையில் இழந்த வலுதான். அதைத் திரும்ப எடுக்கக் குழாயும் வால்வும் போதும்.

12 யூன் 2023

ரப்பர் நார் எங்கிருந்து வந்தது என்று நேற்றிரவு விளங்கியது. என் கதையை எழுதும்போதே விளங்கியிருக்க வேண்டும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பழைய குழாயை வெட்டினோம், உள்சுவர் அதேபோல உரிந்திருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது பெற்றோல் கொஞ்சம் பின்வாங்கி நாரை வால்வுக்குள் கொண்டுபோயிருக்கும். இரண்டு பக்கமும் எல்லாக் குழாயும் புதிதாகப் போடுகிறோம், கடல்சார் ஏ1 வகை.

18 யூன் 2023

இன்னொரு கேள்வி: அதே 454 தானே, கார்க் கடையில் ஸ்டாட்டரும் ஆல்டர்னேற்றரும் பாதி விலை, போடலாமா? கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, பில்ஜின் அடியில் போய்ப் படுத்திருக்கும். கார் ஸ்டாட்டரின் உள்ளே பொறி பறக்கும், வெளியே வரும். படகு ஸ்டாட்டரில் அந்தப் பொறி வெளியே வராதபடி மூடியிருக்கும். பெற்றோல் பம்ப்பும் அப்படித்தான். படகு பம்ப்பில் கார்பரேற்றருக்குப் போகும் ஒரு மெல்லிய கண்ணாடி போன்ற குழாய் இருக்கும். உள்ளே டயஃபிரம் கிழிந்தால் அதில் பெற்றோல் தெரியும். கார் பம்ப் பெற்றோலை நேரே பில்ஜில் ஊற்றும். ஸ்டாட் பண்ண முன் 4 நிமிடம் புளோவர், மூக்கால் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பது, இரண்டும் என் படகில் கட்டாயம்.

2 யூலை 2023

இரண்டும் 4600. ஜிபிஎஸ்ஸில் 60 மைல், நாலு பேர், பாதித் தாங்கி.

கணக்குப் போட விரும்புபவர்களுக்கு: சுற்றைப் பிச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056-ஆலும் வகுத்தால் வழுக்கல் இல்லாத வேகம் மைலில் வரும். 4600, 23, 1.50 போட்டால் 66.8. கிடைத்தது 60. வழுக்கல் 10 சதவீதம் சொச்சம். மே மாதம் சராசரி 4450 சுற்றில் 56, அது 13 சதவீதம். ஒரு பக்கம் தள்ளாமல் நின்றதை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இந்த எஞ்சினின் முழு வேக எல்லை 4200 முதல் 4600. ஆகவே 23 பிச் சரியான அளவு. ஒரு அங்குலம் பிச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும், எல்லையைத் தாண்டிவிடும். புரொப்பெல்லரைத் தொட வேண்டாம்.

ஒன்று கவனித்தேன். திரும்பி வரும்போது இடது எஞ்சின் வலதை விடக் கொஞ்சம் சூடு.

4 யூலை 2023

இடதின் சூடு. பிராவோவில் தண்ணீர்ப் பம்ப் டிரைவுக்குள் இல்லை, எஞ்சினுக்கு முன்னால் பெல்ட்டில் ஓடுகிறது. திறந்தால் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) இரண்டு இறகுகள் இல்லை. தம்பி புதியது போட்டு வேலை முடிந்தது என்று கிளம்பவிருந்தார். உடைந்த இறகுகள் எங்கே என்று கேட்டேன். பவர் ஸ்ரியரிங் கூலரின் வாயில், பிலாப்பழச் சடைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக் கிடந்தன. குறட்டால் எடுத்து மேசையில் வைத்து, துண்டுகளைச் சேர்த்து இரண்டு இறகு முழுதாக வருகிறதா என்று பார்த்தபின்தான் மூடினோம். தேர்மோஸ்ரற் 143 பாகை ஃபாரன்ஹீற், ஏறத்தாழ 62 செல்சியஸ். கார் எஞ்சினை விடக் குறைவு, ஏனென்றால் வெளித்தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் ஓடுகிறது. அதிகம் சூடானால் கடலில் உப்புப் படியும்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் எட்டுக் குதிரைவலு மோட்டார் வைத்திருந்தார். மோட்டாரின் பக்கத்தால் பீச்சும் தண்ணீரை வழியெல்லாம் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வெப்பமானி இல்லை. சூடு கூடினால் உடனே நிறுத்திவிடுவார். நான் இன்று ரைசர்களில் கை வைத்துப் பார்ப்பது அவரிடம் வந்த பழக்கம்.

23 யூலை 2023

70 மைல் பற்றித் தம்பி மறுபடி கேட்டார். இனி அது நியாயமான கேள்வி, ஏனென்றால் அடிப்படை சரி.

காம்ஷாஃப்ட்: ஈரமான எக்ஸோஸ்ற் (குளிர்விக்கும் தண்ணீர் புகையோடு கலந்து வெளியேறுவது) உள்ள படகில் பெரிய காம்ஷாஃப்ட்டின் தொல்லை ஐட்லில். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால் எக்ஸோஸ்ற் அலை பின்னோக்கி இழுக்கும், ரைசரிலிருந்து தண்ணீர்த் துளி வால்வு வரை வரும். வால்வு உட்காரும் இடம் துருப்பிடிக்கும். காம்ஷாஃப்ட் மாற்றினால் உள்வால்வு, வெளிவால்வு மேடுகளின் மைய இடைவெளி 112 முதல் 114 பாகையாக இருக்கட்டும், தண்ணீர் தூரத்தில் கலக்கும் எக்ஸோஸ்றும் சேர்த்துப் போடுங்கள். 330-இன் ஹெட்டில் உள்ளிழுக்கும் துளைகள் சிறியவை, அதே 454-இன் 365 குதிரைவலு மாக்னம் வகையில் பெரிய செவ்வகம். சிறிய துளைக்குப் பெரிய காம்ஷாஃப்ட் போட்டுப் பயன் இல்லை.

மெர்குரூசரின் இதைவிடப் பெரிய எஞ்சின் 502 மாக்னம் எம்பிஐ, 415 குதிரைவலு. இரண்டு போட்டால் 830, கணக்குப்படி 67 மைல். 70 அதிலும் வராது. அதற்கு மேலே போனால் சாதாரண பிராவோவின் பற்களுக்கு அடி விழத் தொடங்கும். என் கருத்து: இந்தப் படகு 60 படகு. 60-இல் நாள் முழுக்க நம்பி ஓடலாம்.

14 ஒக்ரோபர் 2023

குளிர்காலத்துக்குத் தண்ணீர் வடித்தோம். பிளாக்கின் இரு பக்கமும், எக்ஸோஸ்ற் மனிபோல்ட்கள், பம்ப் குழாய்கள். வலது பிளாக்கில் திருகைக் கழற்றியும் ஒரு சொட்டு வரவில்லை. "காலி" என்றார் தம்பி. வளைத்த கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். துருக் கட்டி உடைந்து ஒரு வாளி தண்ணீர் கொட்டியது. ஒன்ராறியோ சனவரியில் அந்த வாளி பிளாக்கைப் பிளந்திருக்கும்.

12 மே 2024

நேற்று படகைத் தண்ணீரில் இறக்கினோம். காம்ஷாஃப்ட்டுக்கு ஒதுக்கிய காசில் தம்பி வாங்கியவை: இரண்டு புதிய மனிபோல்ட், ரைசர்கள், இரண்டு இம்பெல்லர், பில்ஜ் பம்ப் ஒன்று. மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம்.

தண்ணீர் இன்னும் ஐஸ் போல. ஒரு மணி நேரம் ஓடினோம். 4600, 4600. நாலு ரைசரிலும் கை வைத்துப் பார்த்தேன், ஒரே சூடு. கரைக்கு வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே தம்பி வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கி, பெற்றோல் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மேலே நீட்டினார். துணி உலர்ந்திருந்தது.